புவிப்புதையல் தேடுவோர் கைப்பையில் வேண்டுவன

பூமியின் மேற்பரப்பிலுள்ள ஓரிடத்தை அதன் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய இரண்டு எண்களால் குறித்து, அவ்வெண்களை மட்டுமே துணையாகக் கொண்டு அவ்விடத்தை அடைந்து, அங்கு மறைத்து வைக்கப்பட்டுள்ள சிறு பேழையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ‘ஜியோகேஷிங்’ எனப்படுகிறது. தமிழில் இதனைப் புவிப்புதையல் தேட்டம் எனலாம். பேழைக்குள் பொன்னும் மணியும் இரா. ஒரு குறிப்புச் சுருளும், சில வேளைகளில் குழந்தைகள் விரும்பும் அற்பப் பொருள்கள் சிலவுமே இருக்கும். கண்டவர் சுருளில் தம் பெயரையும் தேதியையும் எழுதி, பேழையை இருந்தவிடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பொருள் ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக மற்றொன்றை வைப்பது மரபு.

இவ்விளையாட்டுப் பிறந்த நாளைத் திட்டமாகக் கூற இயலும். அமெரிக்க இராணுவம் இயக்கிவரும் ‘ஜி.பி.எஸ்.’ என்னும் செயற்கைக்கோள் இடங்காண் முறையில், பொதுமக்கள் பெறும் அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டு வந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடியதாயிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாத முதல் நாள் நள்ளிரவையொட்டி அப்பிழை நீக்கப்பட்டது. மே 3ஆம் நாள் டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகே, ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்து, அதன் இடத்தை எண்களால் வெளியிட்டார். சில நாட்களுக்குள் அதனைப் பிறர் கண்டுபிடித்தனர்.

பயணத்திற்குரிய பொருள்களைக் கூறுமுன், எண்களின் இயல்பை அறிந்துகொள்ளுதல் நலம். பம்பாயின் தாராவிப் பகுதி ஏறத்தாழ 19 பாகை 2½ கலை வட அட்சத்திலும், 72 பாகை 51 கலை கீழ்த் தீர்க்கத்திலும் அமைந்துள்ளது. இவ்விடத்தில் அட்சத்தின் ஒரு கலை சுமார் 1,845 மீட்டர்; தீர்க்கத்தின் ஒரு கலை சுமார் 1,755 மீட்டர். தேடுவோர் கலையை மூன்று தசமத் தானங்கள் வரை எழுதுவர். கடைசித் தானத்தில் ஓர் இலக்கம் மாறினால் இரண்டு மீட்டருக்கும் குறைவான பிழையே நேரும். அந்தத் தானத்தை எழுதாது விட்டுவிட்டாலோ பிழை 18 மீட்டர் வரை போகும். திறந்த மைதானத்தில் 18 மீட்டர் பெரிதன்று. தாராவியில் அது வீடுகளின் பல வரிசைகளைத் தாண்டி வேறொரு சந்தில் கொண்டுபோய் விடும். ஆகவே பையில் முதலில் வைக்கவேண்டியது, எண்கள் முழுமையாகவும் தெளிவாகவும் எழுதப்பட்ட ஒரு காகிதமே. கைப்பேசியில் இருப்பது போதாதா என்று கேட்கலாம். மின்கலம் தீர்ந்த கைப்பேசி யாருக்கும் எண் சொல்வதில்லை.

தாராவியை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த பரப்புள்ள இப்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலை நம்பிக் குடியேறினர். அவர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன்னரே 1887இல் பெரிய மசூதி கட்டப்பட்டிருந்தது. சௌராட்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவும், பழங்குடி மீனவர்களின் கோலிவாடாவும் அருகருகே உள்ளன. அரைநாள் நடையில் ஒருவர் மூன்று வகை நிலங்களைக் காணலாம். வடகிழக்கில் சயான் குன்றின் உச்சியில், 1669க்கும் 1677க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டிய காவற்கோட்டை, வானம் திறந்த மேட்டில் நிற்கிறது. தாராவிக்குள்ளேயே, ‘காலா கில்லா’ என மக்கள் வழங்கும் ரீவா கோட்டை, 1737ஆம் ஆண்டையும் அந்நாளைய கவர்னர் ஜான் ஹார்னின் பெயரையும் தாங்கிய கல்வெட்டுடன், வீடுகளால் சூழப்பட்டு மறைந்துள்ளது. வடக்கே மித்தி ஆற்றங்கரையில், குப்பைமேடாயிருந்த நிலத்தில் மரம் நட்டு உருவாக்கப்பட்டு 1994இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இயற்கைப் பூங்கா இருக்கிறது. குன்று, சந்து, சதுப்பு ஆகிய மூன்றிலும் கருவிகள் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

கைப்பேசியின் இடங்காண் உறுப்பு, பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்களின் அலைகளைப் பெறுகிறது. ஒவ்வோர் அலையும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து, அதிலிருந்து தூரத்தைக் கணிக்கிறது. இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே அறிய நான்கு கோள்களாவது தெரியவேண்டும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2013 முதல் ஏவிய ‘நாவிக்’ கோள்களின் அலைகளைப் பெறும் கைப்பேசிகளும் உள்ளன. ஒளி ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்டிமீட்டர் செல்லும். எனவே அலை நேராக வராமல் ஒரு சுவரிலோ தகரக் கூரையிலோ பட்டுத் திரும்பி வந்தால், அது கடந்த கூடுதல் வழி அப்படியே இடப்பிழையாக மாறும். இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கி, நடுவே ஓராள் நடக்கும் அகலமே உள்ள சந்தில், வானம் ஒரு நாடாவாகத்தான் தெரியும். அங்கு நிற்பவரின் இருப்பிடப் புள்ளி, அவர் அசையாமல் இருக்கும்போதே, படத்தில் கூரைக்குக் கூரை தாவுவதைக் காணலாம்.

இதற்கு மாற்று உபாயம் எளிது. கோள்கள் தம் பாதைக் குறிப்பை 30 வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகின்றன. ஆகவே சந்துக்குள் புகுமுன் சாலை முனையிலோ, மைதானத்திலோ சில நிமிடங்கள் நின்று, கருவி நிலைகொள்ளும்படி செய்தல் வேண்டும். பகுதியின் படத்தை முன்னாளே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுதலும் அவசியம். இடங்காண் உறுப்பு அலைகளைப் பெறுவதேயன்றி அனுப்புவதில்லை; தொலைபேசித் தொடர்பு அறுந்தாலும் அது வேலை செய்யும், படம் மட்டுமே வராது. வெயிலில் திரையைப் பிரகாசமாக்கி வைத்திருப்பது மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடுமாதலால், சேமிப்பு மின்கலம் ஒன்றும் அதற்குரிய கம்பியும் தேவை.

காந்தத் திசைகாட்டி ஒன்றை எடுத்துச் செல்வோர், அதன் பலவீனத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். இதற்குப் பம்பாயிலேயே புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. கொலாபாவில் 1826இல் நிறுவப்பட்ட வானிலையத்தில், 1841 முதல் பூமியின் காந்தப் புலம் அளக்கப்பட்டு வந்தது. நகரின் குதிரை டிராம் வண்டிகளை மின்சாரத்தால் ஓட்டத் திட்டமிட்டபோது, அம்மின்னோட்டம் நுண்ணிய காந்த அளவைகளைக் கெடுக்கும் என்பதை அந்நிலையத்தின் இயக்குநர் நானாபாய் பிராம்ஜி மூஸ் உணர்ந்தார். கடலுக்கு அப்பால் அலிபாகில் புதிய நிலையம் எழுந்தது. காந்தத் தன்மையற்ற போர்பந்தர் கல்லால் கட்டப்பட்ட அந்நிலையத்தில் 1904இல் அளவைகள் தொடங்கின. பழைய அளவைகளும் புதியவையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை அறிய, 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே காலத்தில் பதிவுகள் எடுக்கப்பட்டன. மின்சார டிராம் 1907இல் ஓடத் தொடங்கிற்று. ஒரு நகரத்தின் போக்குவரத்து வசதியையும் ஒரு நூற்றாண்டை நோக்கிச் சென்ற அளவைத் தொடரையும், ஒன்றையொன்று கெடுக்காமல் காத்த அந்த முன்யோசனை பாராட்டத்தக்கது.

அலிபாக் விஞ்ஞானிகள் விலக்கிய இரும்பு, தாராவியில் ஒவ்வொரு வாயிலிலும் ஏணியாகவும் தகரமாகவும் நிற்கிறது. பம்பாயில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு பாகைக்கும் குறைவாகவே விலகுமாதலால், அவ்விலகலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அருகிலுள்ள இரும்பு அதைப்போலப் பல மடங்கு ஊசியைத் திருப்பிவிடும். கைப்பேசிக்குள் இருக்கும் திசைகாட்டிக்கும் இதே கதிதான். காந்தப் பூட்டுள்ள உறையில் அதனை வைத்திருப்பவர்கள் ஏமாறுவது உறுதி. குன்றின்மேல் திசை பார்த்து, சூரியனையும் சாலையையும் மனத்தில் குறித்துக்கொண்டு சந்துக்குள் இறங்குவதே முறை.

எழுதுவதற்குப் பென்சில் சிறந்தது. பேழைச் சுருள் பெரும்பாலும் ஈரம் கண்டிருக்கும். மை ஊறிப் பரவும். பென்சிலின் கரி நீரில் கரைவதில்லை. சிறு குழாய்க்குள் இறுகிய சுருளை வெளியே எடுக்க ஒரு சிறு இடுக்கி உதவும். கல்லிடுக்கில் கையை விடுமுன் உள்ளே பார்க்க ஒரு கைவிளக்கும், விரல்களுக்குத் தடித்த கையுறையும் வேண்டும். காலுக்குச் செருப்பன்றி, மூடிய காலணியே தகும்.

வெயில் காலத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் மிகையன்று. பம்பாயின் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை உலராமல் உடல் குளிர்ச்சி பெறாது. உப்பும் சேர்ந்தே போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துக் குடிக்கலாம். அது கிடைக்காவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளலாம். உப்பைக் கூட்டிவிடுதல் தீங்கு.

மழைக்காலத்தில் பையில் சேர்க்கவேண்டிய பொருளைவிட, விலக்கவேண்டிய நாளே முக்கியமானது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை மீறியது. அந்த ஆறு கலக்கும் மாகிம் கழி, கடலின் ஏற்றவற்றத்திற்கு உட்பட்டது. கடல் ஏறியிருக்கும் வேளையில் மழைநீர் வடிய வழியில்லை. எனவே புறப்படுமுன் அன்றைய மழை முன்னறிவிப்பையும் ஏற்ற நேரத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 4.5 மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றமும் கனமழையும் ஒன்றுசேரும் நாளில் பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை. 2017 ஆகஸ்டு 29ஆம் நாள், பம்பாயின் வெள்ளம் நிறைந்த ஒரு சாலையில் நடந்து வீடு திரும்பிய மருத்துவர் ஒருவர், நீருக்கடியில் திறந்து கிடந்த கழிவுநீர்க் குழியில் விழுந்து மாண்டார். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருப்பின், காலிலுள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமிகள் உடலுக்குள் புகும். காயத்தை மூடும் நீர்புகாத ஒட்டுத்துணி பையில் இருக்கட்டும். அத்தகைய நீரில் நடக்க நேர்ந்தவர்கள், காய்ச்சல் வரும்வரை காத்திராமல், மறுநாளே மருத்துவரைக் காணுதல் வேண்டும். தடுப்பு மருந்து அதற்கென்றே உண்டு.

இனி, எடுத்துச் செல்லக்கூடாத ஒன்றைப் பற்றியும் கூறவேண்டும். அது பேழையேயாகும். பிறர் கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு டப்பாவைப் பொதுவிடத்தில் மறைத்து வைக்கும் பழக்கம், இந்நகரத்திற்குப் பொருந்தாது. 1993 மார்ச் 12இலும், 2006 ஜூலை 11இலும் பம்பாயில் குண்டுகள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். பின்னைய நிகழ்ச்சியில் மாகிம் இரயில் நிலையமும் ஓர் இலக்காயிருந்தது. உரிமையற்ற பொட்டலத்தைத் தொடாதீர், காவலருக்கு அறிவியுங்கள் என்று பழக்கப்பட்ட மக்களின் நடுவே ஒருவர் குழாயொன்றைச் சுவரிடுக்கில் செருகுவது விளையாட்டாகத் தோன்றாது. இந்த அச்சம் இங்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் 2011இல், ஒரு சிற்றுண்டிக் கடையருகே வைக்கப்பட்ட புதையற் பேழையை வெடிகுண்டென ஐயுற்று, இராணுவ வல்லுநர்கள் வந்து தகர்த்தனர்.

பேழையில்லாமலும் இவ்விளையாட்டை ஆடலாம். அமெரிக்கப் புவியியல் கழகம் 2004இல் தொடங்கிய ‘எர்த்கேஷ்’ முறையில், குறித்த இடத்திற்குச் சென்று அங்குள்ள பாறையையோ நிலத்தையோ உற்றுநோக்கி, கேட்கப்பட்ட வினாவிற்கு விடை எழுதினால் போதும். பம்பாயில் இதற்கு விஷயப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், புனித தோமையார் ஆலயத்தைத் தொடக்கமாகக் கொண்டு, ரோமானிய எண் பொறித்த கருங்கல் மைல்கற்கள் நாட்டப்பட்டன. அவற்றிற் சில, நடைபாதை உயர உயரப் புதைந்துபோய், அண்மைக் காலத்தில் மாநகராட்சியால் தோண்டியெடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. ரீவா கோட்டைக் கல்வெட்டின் ஆண்டைப் படித்து வருவதும், சயான் குன்றிலிருந்து கழி தெரியும் திசையைக் குறித்து வருவதும் மாணவர்க்கு ஏற்ற பணிகளே. எதையும் வைப்பதில்லை, எதையும் எடுப்பதில்லை.

அடையாள அட்டையும், மாணவர் குழுவாயின் பள்ளியின் கடிதமும் பையின் வெளியறையில் இருத்தல் நன்று. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியச் சட்டப்படி குற்றமாதலால், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்த எண்ணுதல் கூடாது. தாராவியின் சந்துகள் மக்கள் சமைப்பதும் துவைப்பதும் தொழில் செய்வதுமான முற்றங்களாகும். படம் எடுக்குமுன் கேட்டல், வாயிலை மறித்து நில்லாமை, கோயிலிலும் மசூதியிலும் காலணி கழற்றல் ஆகியன சொல்லாமலே விளங்கும். கோள்களின் அலை தடுமாறும் இடத்தில் தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர் தமிழிலேயே வழி சொல்லிவிடக்கூடும். காலா கில்லா என்பது அருகிலுள்ள ‘பெஸ்ட்’ பேருந்துப் பணிமனையின் பெயருமாதலால், கோட்டையா பணிமனையா என்பதைக் கேட்கும்போதே தெளிவாகக் கூறவேண்டும்.

பையின் அடியில் ஒரு வெற்றுச் சாக்குப்பை மடித்து வைக்கப்படுதல் உலகெங்கும் இவ்விளையாட்டினரின் வழக்கம். போகும் வழியில் கிடக்கும் குப்பையை அதில் சேர்த்து வருவர். சதுப்புக் கரையில் அது நிறையப் பத்து நிமிடம் பிடிக்காது. ஆகையால் இரண்டாகவே எடுத்துச் செல்லலாம்.