கல் சிங்கம் எழுந்த கதை

வாய் பேசாத ஒரு படத்தைப் பார்த்து அரசாங்கங்களே பயந்தன என்றால் நம்புவீர்களா? அதுதான் 'போர்க்கப்பல் பொதெம்கின்'. 1905-ல் நடந்த புரட்சியின் 20-ஆம் ஆண்டு நினைவாக, சோவியத் அரசு கேட்டுக்கொண்டதால் 1925-ல் ஐசன்ஸ்டைன் எடுத்தார். அப்போ அவருக்கு வயசு 27 தான்!

ரஷ்யாவில் ஜார் மன்னரின் கப்பலில் மாலுமிகளுக்குப் புழு நெளியும் இறைச்சியைப் போடுகிறார்கள். மாலுமிகள் சாப்பிட மறுக்க, கலகம் வெடிக்கிறது. ஒதெஸ்ஸா நகர மக்கள் படகுகளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உடனே ராணுவம் படிக்கட்டில் இறங்கி அவர்களைச் சுடுகிறது. பதிலுக்குக் கப்பல் பீரங்கி முழங்குகிறது. அப்போது ஒரு கல் சிங்கம் துள்ளி எழும்! எப்படி? தூங்குவது, விழிப்பது, எழுவது என்று மூன்று தனித்தனி சிலைகளைப் படம் பிடித்து ஒட்டினார்கள். அவ்வளவுதான்!

கடைசியில் கலகத்தை அடக்க வந்த மற்றக் கப்பல்களின் மாலுமிகள், தங்கள் தோழர்களைச் சுட மறுக்கிறார்கள். இந்த ஒற்றுமைதான் படத்தின் உயிர்.

பேச்சு இல்லாததும் நல்லதாப் போச்சு. நடுவில் வரும் எழுத்துகளை மட்டும் மாற்றினால் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் புரியும். 1921-ல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது உதவி திரட்ட, பெர்லினில் ஒரு சர்வதேசத் தொழிலாளர் உதவி அமைப்பு தொடங்கியது. அதைச் சேர்ந்தவர்களே இந்தப் படத்தை ஜெர்மனியில் வெளியிட்டார்கள். 1926-ல் அங்கே முதலில் தடை. பிறகு சில காட்சிகளை வெட்டி அனுமதித்தார்கள். ஆனாலும் ராணுவ வீரர்கள் பார்க்கக் கூடாது என்று உத்தரவு! இங்கிலாந்தில் தடை 1954 வரை நீடித்தது.

ஆனா ஒண்ணு சொல்லணும். இது பிரச்சாரப் படம். ஒதெஸ்ஸாவில் அப்போது ராணுவம் மக்களைச் சுட்டுக் கொன்றது உண்மை. ஆனால் அந்தப் படிக்கட்டுக் காட்சி இயக்குநரின் கற்பனை. கப்பல் பிறகு ருமேனியாவில் சரணடைந்ததையும் படம் சொல்லவில்லை.

மாலுமிகளின் பசி பொய்யில்லை. ஆனால் நாம எப்போ அழணும், எப்போ கோபப்படணும் என்று முடிவு செய்தது ஐசன்ஸ்டைனின் கத்தரிக்கோல். நல்லதுக்குச் சொன்னாலும் சரி, கெட்டதுக்குச் சொன்னாலும் சரி, இந்த ஒட்டும் வித்தை ஒன்றேதான். அதனால் டி.வி.யில் எதைப் பார்த்து ரத்தம் கொதித்தாலும், "இதில் எத்தனை சிங்கத்தை ஒட்டியிருக்காங்க?" என்று ஒரு நிமிஷம் யோசிப்போம்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு