காரின் கதவு ஒலிபெருக்கியை மாற்றும் முன்



தோட்டத்தில் ஒரு வீட்டில் கார் இருந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் உழைப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போவதற்கும், பக்கத்து வீட்டில் காய்ச்சல் கண்டவரைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வதற்கும் அந்த ஒரே வண்டிதான். பெரும்பாலும் அது பழைய வண்டியாகவே இருக்கும். 1985ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த புரோட்டான் சாகாவின் வழிவந்த வண்டிகளையும், 1994 முதல் 2009 வரை செய்யப்பட்ட பெரோடுவா கஞ்சிலையும் செம்பனைக் காட்டுப் பாதைகளில் இன்றும் காண்கிறோம். இஞ்சின் நன்றாக இருக்கும். ஆனால் வானொலியைத் திறந்தால் கதவிலிருந்து கரகரவென்று சத்தம் வரும். அல்லது ஒரு பக்கம் ஊமையாகிவிடும்.

இப்படிப்பட்ட வண்டியைப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போனால், "ஒலிபெருக்கி மட்டும் மாற்றிப் பயனில்லை, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. தவணையில் தருகிறோம் என்பார்கள். மலேசியாவில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஒரு பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்துக் கடன் வாங்குவது சரிதானா? கதவு ஒலிபெருக்கி எவ்வாறு வேலை செய்கிறது, அது கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிப்பது எப்படி, குறைந்த செலவில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பவற்றை இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் அதன் அமைப்பு. ஒலிபெருக்கியின் முன்புறம் காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூம்பு ஒன்று இருக்கும். அதன் கழுத்தில் மெல்லிய கம்பிச் சுருள் சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுருள் ஒரு காந்தத்தின் இடுக்கில் தொடாமல் நிற்கும். வானொலியிலிருந்து வரும் மின்சாரம் சுருளில் பாயும்போது, காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பு அசைகிறது, காற்று அதிர்கிறது, நமக்குக் குரலும் பாட்டும் கேட்கின்றன. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 1925இல் விளக்கிய அமைப்பு இது. நூறு ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை.

கூம்பின் விளிம்பைச் சுற்றி மெத்தென்ற வளையம் ஒன்று உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் அது பஞ்சு போன்ற ஃபோமினால் செய்யப்பட்டது. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் அது நாளடைவில் பொடிந்துபோகும். வளையம் கிழிந்தால் கூம்பு ஒரு பக்கமாகச் சாயும். சுருள் காந்தத்தில் உரசும். கரகரப்பு பெரும்பாலும் இதனால் வருவதுதான்.

இன்னொரு காரணம் தண்ணீர். கார்க் கதவின் உள்ளே மழைநீர் போகாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகக் கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கின்றன. தோட்டத்துச் செம்மண் அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே தேங்கும். ஒலிபெருக்கி நனையும், கதவும் துருப்பிடிக்கும். ஆகவே புதிய ஒலிபெருக்கி வாங்கும் முன் ஒரு மெல்லிய குச்சியால் அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை.

இனி, கெட்டது ஒலிபெருக்கிதானா என்று பார்ப்போம். வானொலியில் இடம், வலம் மாற்றும் வசதி இருக்கும். ஒவ்வொரு பக்கமாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கரகரத்தால், பழுது வானொலிப் பெட்டியிலோ ஏரியலிலோ இருக்கக்கூடும். அப்போது நான்கு ஒலிபெருக்கிகளை மாற்றினாலும் கரகரப்பு போகாது. ஒரு கதவில் மட்டும் சத்தம் விட்டு விட்டு வந்தால், வானொலி பாடும்போதே அந்தக் கதவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். கதவை அசைக்கும்போது சத்தம் வந்து போனால், கீலின் அருகில் ரப்பர்க் குழாய்க்குள் செல்லும் கம்பி அறுந்திருக்கலாம். பல ஆண்டுகள் திறந்து மூடி வளைந்த கம்பி அங்கேதான் அறும். அதைச் சேர்த்துக் கட்டினால் போதும்.

இவை இரண்டும் இல்லையென்றால் ஒலிபெருக்கியைக் கழற்றி, அதன் கம்பிகளை எடுத்துவிட்டு, டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை அதன் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். "டக்" என்ற ஓசை வந்தால் சுருளுக்கு உயிர் இருக்கிறது. ஓசையே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது. கூம்பின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்தும்போது உரசல் கேட்டாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானபின், கடைக்குப் போகிறோம். இரவுச் சந்தைக் கடையிலும் சரி, பட்டணத்துக் கடையிலும் சரி, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 200 வாட், 300 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் ஏமாறும் இடம் இதுதான். அந்த எண், கண நேரத்துக்கு ஒலிபெருக்கி தாங்கும் உச்ச அளவு. வாட் என்பதை ஒலிபெருக்கி நமக்குக் கொடுப்பதில்லை. வானொலிப் பெட்டிதான் அதற்குக் கொடுக்கிறது. காரின் பேட்டரி 12 வோல்ட். தனிப் பெருக்கி இல்லாத சாதாரணக் கார் வானொலி ஒரு பக்கத்துக்குத் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 15 முதல் 20 வாட் வரைதான். சிறிய குழாயில் வரும் தண்ணீருக்குப் பெரிய தொட்டி வாங்கி வைத்தால் தண்ணீர் கூடுமா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அளவு. பழைய ஒலிபெருக்கியின் குறுக்களவையும், திருகாணித் துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பின்பு கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இதை மறந்தால் புதிய ஒலிபெருக்கியின் காந்தம் கண்ணாடியில் இடிக்கும். முடிந்தால் பழையதையே கையோடு கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, ஓம் என்னும் மின்தடை. கார் ஒலிபெருக்கிகள் பெரும்பாலானவை 4 ஓம். பழையதன் பின்புறத்திலேயே அது எழுதியிருக்கும். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால், வானொலியிலிருந்து இரண்டு பங்கு மின்னோட்டம் இழுக்கப்படும். பெட்டி சூடேறிக் கெட்டுவிடும். ஒரே கம்பியில் இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளை அருகருகே சேர்த்துக் கட்டினாலும் இதே கதிதான்.

மூன்றாவது, உணர்திறன். இது டெசிபெல் என்னும் கணக்கில் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முக்கியமான எண். 3 டெசிபெல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும். 87 என்று எழுதிய ஒலிபெருக்கி 20 வாட் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சத்தத்தை, 90 என்று எழுதியது 10 வாட்டிலேயே கொடுத்துவிடும். ஆகவே 300 வாட், 87 டெசிபெல் என்ற விலை கூடியதைவிட, 100 வாட், 91 டெசிபெல் என்ற எளிய ஒன்று நம் பழைய வானொலியில் உரக்கப் பாடும். ஆனால் ஒன்று: இரண்டு பெட்டிகளிலும் ஒரே அளவுமுறை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிலர் 1 வாட்டுக்கும், சிலர் 2.83 வோல்ட்டுக்கும் கணக்கிடுவார்கள். 4 ஓம் ஒலிபெருக்கிக்கு இரண்டாவது கணக்கு, எண்ணை 3 கூட்டிக் காட்டும்.

நான்காவது, தொடர்ந்து தாங்கும் வாட். ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகளுக்கு அருகில் இது இருக்கும். 30 முதல் 50 வரை இருந்தால் நம் தேவைக்குத் தாராளம். நடுவில் சிறிய ஒலிபெருக்கி பொருத்தியே வரும் வகை போதுமானது. தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வகைக்கு வேலையும் கூலியும் கூடும். விளிம்பு வளையம் ரப்பராக இருந்தால் ஈரத்தை நன்கு தாங்கும்.

பொருத்தும் வேலையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கதவின் உட்பலகை, கைப்பிடிக்குப் பின்னாலும் ஓரங்களிலும் உள்ள திருகாணிகளாலும், பிளாஸ்டிக் கிளிப்புகளாலும் நிற்கிறது. கிளிப் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே நெம்ப வேண்டும். தூரத்தில் பிடித்து இழுத்தால் பலகை உடையும். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள புதிய வண்டியானால் கதவில் அதன் உணர்கருவி இருக்கக்கூடும். அந்த வண்டியைத் தெரிந்த பட்டறையில் விடுவதே நலம்.

பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வேண்டாத குப்பை என்று சிலர் அதைக் கிழித்து எறிவார்கள். மழைநீரைப் பலகைப் பக்கம் வரவிடாமல் தடுப்பது அதுதான். மெதுவாக உரித்து, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டுங்கள். கிழிந்திருந்தால் தடித்த பிளாஸ்டிக் தாளை அதே அளவில் வெட்டி ஒட்டலாம். புதிய ஒலிபெருக்கிக்கு அடியில் வளையம் வைக்க வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

ஒலிபெருக்கிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. இடைவெளி இருந்தால் முன்னொலியும் பின்னொலியும் கலந்து, மத்தள ஓசை போன்ற தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டினால் இந்தக் குறை நீங்கும். புதிய ஒலிபெருக்கி போட்டும் சத்தம் மெலிந்திருக்கிறது என்று வருந்துகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கம்பிகளில் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. ஒரு பக்கம் மாறினால் இடது கூம்பு முன்னே வரும்போது வலது கூம்பு பின்னே போகும். அப்போதும் தாழ்ந்த ஒலிகள் குறையும். கம்பியின் குறி தெரியாவிட்டால் முன்பு சொன்ன 1.5 வோல்ட் பேட்டரி இங்கும் உதவும். ஒலிபெருக்கியை மாட்டுவதற்கு முன், அதன் பிளஸ் முனையில் பேட்டரியின் பிளஸைத் தொட்டால் கூம்பு வெளியே நகரும். காரின் பழைய இணைப்பியை வெட்டாமல், அதற்குப் பொருந்தும் மாற்று இணைப்பியை வாங்கிப் போட்டால், வண்டியை விற்கும்போதும் சிரமம் இராது. உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் புதியவற்றைப் போடுங்கள்; இல்லாவிட்டால் தோட்டத்து மேடுபள்ளத்தில் பலகையே தாளம் போடும்.

நேயர்களே, பெட்டியின் மேல் உள்ள பெரிய எண் கடைக்காரருக்கு உதவுவது. பக்கவாட்டில் உள்ள சிறிய எண்களே நமக்கு உதவுபவை. முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள். பிறகு அளவு, ஓம், உணர்திறன், தொடர்ந்து தாங்கும் வாட் என்னும் நான்கையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் படிக்கும் மின்சாரப் பாடம் அங்கே கண்முன் நிற்கும். நல்ல ஒலிபெருக்கி அமைந்த பிறகும், பின்னால் வரும் பழக்குலை லாரியின் ஹார்ன் காதில் விழும் அளவுக்கே சத்தம் வைத்துக் கேளுங்கள். மீதமான பணம் வண்டியின் டயருக்கோ பிள்ளையின் புத்தகத்துக்கோ பயன்படட்டும்.