இனாமாக வந்த நம்பர் 10 கோடி டாலருக்குப் போன கதை!

ஒரு காசு கொடுக்காமல் 1981-ம் ஆண்டு வாங்கிய கம்ப்யூட்டர் நம்பர்கள். 38 வருஷம் கழித்து, அதில் கால்வாசியை மட்டும் விற்றதில் கிடைத்த பணம் 10 கோடி டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் சுமார் 700 கோடி ரூபாய்! வாங்கியது அமேசான் கம்பெனி. விற்றது, பொழுதுபோக்காக ரேடியோ பேசும் 'ஹாம்'களுக்காக அமெரிக்காவில் நடக்கும் ஓர் அமைப்பு. விஷயம் வெளியே வந்ததும் பல நாட்டு ஹாம்கள் கொதித்துப் போனார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

காற்றில் தபால்

அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கி, வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்திருப்பவர்களுக்கு ஹாம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தனி அடையாளக் குறி உண்டு. இவர்கள் பேசலாம், செய்தி அனுப்பலாம். ஆனால் அதற்குக் காசு வாங்கக்கூடாது. வியாபாரம் கூடவே கூடாது.

1978-ல் கனடா நாட்டு மான்ட்ரியல் நகர ஹாம்கள் ஒரு புது வேலையில் இறங்கினார்கள். கம்ப்யூட்டரில் அடித்த எழுத்துகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ரேடியோவில் அனுப்பினார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் குறி, பெறுநர் குறி. வழியில் பொட்டலம் சிதைந்தால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் "திரும்ப அனுப்பு" என்று கேட்கும். ரேடியோவில் காது வைத்தால் 'கர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும்தான்.

1980-ல் அமெரிக்க அரசும் இதற்கு அனுமதி கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் ஹேங்க் மக்னஸ்கி என்ற ஹாம், பொட்டலங்களை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

வேகம்? வினாடிக்கு 1200 பிட். அதாவது அதிகபட்சம் 150 எழுத்து. ஒரு மெகாபைட் போட்டோ போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகும்!

44-ம் நம்பர்

அதே சமயத்தில் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் இன்டர்நெட் வளர்ந்து கொண்டிருந்தது. உலகத்திலேயே சில நூறு கம்ப்யூட்டர்கள்தான் அதில் இருந்தன. ரேடியோவையும் இதையும் இணைத்தால் என்ன என்று மக்னஸ்கி யோசித்தார். 1981-ல் ஹாம்களுக்கென்று நம்பர் கேட்டார். அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்.

பின்கோடு 6-ல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளா பக்கம் என்று தபால்காரருக்குத் தெரியும் அல்லவா? அதுபோல, நம்பர் 44-ல் தொடங்கினால் ஹாம். மொத்தம் 1 கோடியே 67 லட்சம் நம்பர்கள். உலகத்து நம்பர்கள் அத்தனையிலும் 256-ல் ஒரு பங்கு! அப்போது அதற்கு விலையே கிடையாது. ஊருக்கு வெளியே கிடக்கும் பொட்டல் காடு மாதிரி.

கவருக்குள் கவர்

நம்பர் வந்தது. ஆனால் ரேடியோ ஒரு பாஷை, இன்டர்நெட் ஒரு பாஷை. 1985 முதல் பில் கார்ன் என்ற ஹாம் இதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் பாஷையை ரேடியோவில் பேசத் தொடங்கியது. ஹாம்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்.

அடுத்த சிக்கல் தூரம். இந்த ரேடியோ சில பத்து மைல்தான் எட்டும். அமெரிக்க ஹாமின் பொட்டலம் ஐரோப்பாவுக்குப் போவது எப்படி? வழி கண்டுபிடித்தார்கள். ரேடியோவில் வந்த பொட்டலத்தை அப்படியே இன்னொரு கவருக்குள் போட்டு, இன்டர்நெட் கம்பியில் அனுப்புவது. அந்த ஊரில் கவரைக் கிழித்து, உள்ளே இருப்பதை மறுபடி காற்றில் விடுவது. சான்டியாகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்தான் இதற்குத் தலைவாசல். அதை வருஷக்கணக்கில் கட்டிக் காத்தவர் பிரையன் கான்டர்.

வாசலில் காவல் வேண்டியிருந்தது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம். ரேடியோவில் அது நடக்காது. லைசென்சு இல்லாதவன் சரக்கு, விளம்பரம், ரகசிய எழுத்து எல்லாம் சட்ட விரோதம். அதனால் பதிவு செய்த ஹாம் நம்பருக்கு மட்டுமே கதவு திறந்தது.

காலி மனையில் காவல்

44-ல் பெரும்பகுதி ஆளில்லாமல் காலியாகவே கிடந்தது. அதுவும் உபயோகப்பட்டது! ஆளே இல்லாத வீட்டுக் கதவை ஒருவன் தட்டுகிறான் என்றால், அவன் தெரு முழுக்கத் தட்டிப் பார்க்கும் திருடனாகத்தானே இருக்க வேண்டும்? பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காலி நம்பர்களில் விழுந்த தட்டல்களை எண்ணினார்கள்.

2001 ஜூலை 19-ந்தேதி 'கோட் ரெட்' என்ற கம்ப்யூட்டர் புழு வேகமாகப் பரவியது. கண்டபடி நம்பர்களைத் தட்டியது. 14 மணி நேரத்துக்குள் 3 லட்சத்து 59 ஆயிரம் கம்ப்யூட்டர்களை அது பிடித்துவிட்டதைக் கணக்கெடுக்க இந்தப் பொட்டல் காடுதான் உதவியது.

மனை விலை ஏறியது

பிறகு ஊர் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர், ஆளுக்கு ஆள் செல்போன். 2011 பிப்ரவரியில் உலகத் தலைமைக் கையிருப்பில் பழைய வகை நம்பர் தீர்ந்தே போனது. புது வகை நம்பர் வந்தும் பழைய நம்பருக்கு மவுசு குறையவில்லை. நம்பர் வைத்திருந்தவர்கள் விலை சொல்லத் தொடங்கினார்கள்.

அதே 2011-ல் 44-ஐ நிர்வகிக்க 'அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு கலிபோர்னியாவில் பதிவானது. 2019 ஜூலையில் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 44-ன் கடைசிக் கால் பங்கு, சுமார் 42 லட்சம் நம்பர்கள், விற்கப்பட்டுவிட்டன. ஒரு நம்பர் சுமார் 25 டாலர்.

யாரைக் கேட்டு?

விற்றாகிவிட்டது என்பதே முதல் தகவல். விற்கலாமா என்று ஹாம்களிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் கோபம்.

இது கோவில் நிலம் மாதிரி, எல்லா நாட்டு ஹாம்களுக்கும் பொதுவாகக் கொடுத்தது. பட்டா ஒரு சிலர் பேரில் இருந்தால் அவர்கள் சொத்தாகிவிடுமா என்று ஒரு கட்சி. செய்தி அனுப்பி ஒரு டாலர் வாங்கினால் ஹாமுக்குக் குற்றம். நம்பரை விற்று கோடி வாங்கினால் மட்டும் சரியா என்றும் கேட்டார்கள்.

காலியாகக் கிடந்ததைத்தான் விற்றோம், இனி விலை இறங்கினாலும் இறங்கும், பணம் ஹாம்களின் காரியத்துக்கே போகும் என்பது அமைப்பின் பதில்.

யார் பையிலும் பணம் போகவில்லை என்பது உண்மை. அதை முதலீடு செய்து, வரும் வருமானத்தில் ஹாம் சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நிதி கொடுத்து வருகிறார்கள். 2021-ல் புகழ்பெற்ற எம்.ஐ.டி. கல்லூரிக் கட்டிட உச்சியில் மாணவர்கள் பயன்படுத்தும் பெரிய ஆன்டெனாவின் கூண்டைப் பழுது பார்க்க 16 லட்சம் டாலர் கிடைத்தது. தலைவாசலைக் காத்த பிரையன் கான்டர், விற்பனை நடந்த அதே 2019-ம் ஆண்டு நவம்பரில் இறந்து போனார்.

மிச்சம் 1 கோடியே 25 லட்சம் நம்பர்கள் ஹாம்களுக்காகவே இருக்கின்றன. எந்த நாட்டு ஹாமும் லைசென்சைக் காட்டி இலவசமாகக் கேட்கலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா ஹாம்கள் இந்த நம்பர்களை வைத்து மலை உச்சிக்கு மலை உச்சி அதிவேக ரேடியோ வலையே கட்டியிருக்கிறார்கள். வாடகைக் கம்பி அறுந்தாலும் அது பேசும்.

பணம் நல்ல வழியில் செலவாகிறது என்று ஒப்புக்கொள்கிறவர்களும் ஒன்று சொல்கிறார்கள்: விற்றதுகூடப் பரவாயில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.