உங்களுக்குத் தெரியுமா? மஞ்சளில் 12, சிவப்பில் 5

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மற்றவற்றிலும், மதர்போர்டு கனெக்டரின் பின்பக்கமாகத் தொடுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருந்தால் சரி. கம்ப்யூட்டர் ஓடும்போதே பார்க்க வேண்டும். சுமை இல்லாவிட்டால் பழுதான பெட்டியும் நல்ல அளவையே காட்டிவிடும். சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கி, லைட் மங்கும் நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள். பிளக்கில் வோல்டேஜ் ஓரளவு இறங்கினாலும் மஞ்சளில் 12 நிற்க வேண்டும். பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கலாம்.