பழைய சிஎன்சி ரூட்டர்: காயலான் கடைக்கா, கன்ட்ரோலர் மாற்றவா?

தேக்குக் கதவில் பூ வேலைப்பாடு முக்கால்வாசி முடிந்திருக்கும். திடீரென கம்ப்யூட்டர் ஹேங் ஆகி நிற்கும். மறுபடி ஓட்டினால் கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழும். அவ்வளவுதான், பலகை போச்சு!

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் வீட்டையொட்டி ஒரு ஷெட் போட்டு, பத்துப் பதினைந்து வருடப் பழைய ரூட்டரில் தொழில் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். "இதை வித்துட்டு புதுசு வாங்கிடு" என்பதுதான் அவருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை. ஆனால், பெரும்பாலும் கெட்டுப்போவது மெஷின் இல்லை. அதை ஓட்டும் கம்ப்யூட்டர்தான்.

கோளாறு எங்கே?

அந்தக் கால ரூட்டர்கள் பலவும் விண்டோஸ் எக்ஸ்பி, மாக்3 மென்பொருள், 25 பின் பேரலல் போர்ட் என்ற கூட்டணியில் ஓடுபவை. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. மாக்3-ன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். இப்போது கடையில் வாங்கும் கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே இருப்பதில்லை.

"யுஎஸ்பி கேபிள் போட்டு சமாளிச்சுக்கலாமே?" முடியாது. யுஎஸ்பி-பேரலல் கேபிள் பிரிண்டருக்கானது. மோட்டாருக்குப் போகும் ஒவ்வொரு பல்ஸும் மைக்ரோ விநாடிக் கணக்கில் நேரம் தவறாமல் போக வேண்டும். அந்தக் கேபிளுக்கு அது வராது. இதில் காசை விட்டவர்கள் நிறைய.

முதலில் உடம்பு, அப்புறம் மூளை

எதையும் வாங்கும் முன் பிளைவுட்டில் 100 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டிப் பாருங்கள். வட்டத்தின் நான்கு திசை முனைகளிலும் சின்னதாகத் தட்டையோ படியோ தெரிந்தால் அது பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவும் நட்டும் தேய்ந்து ஆடுகிறது. எந்த கன்ட்ரோலர் போட்டாலும் இது சரியாகாது. கடல் பக்கத்து ஊர் என்பதால் ரெயிலிலும் பால் ஸ்க்ரூவிலும் உப்புக்காற்றின் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

உடம்பு நன்றாக இருந்தால் செலவு குறைவு. பழைய மோட்டார் டிரைவர்கள் பல்ஸ், திசை என இரண்டு சிக்னல் வாங்கும் வகை என்றால் (பெரும்பாலும் அப்படித்தான்) அவற்றை மாற்றவே வேண்டாம். பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் கையில் இருக்கிறதா? இலவச மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி போதும். இல்லையென்றால், 2009-ல் வெளிவந்த ஜிஆர்பிஎல் மென்பொருளை ஏற்றிய ஆர்டுயினோ போர்டு ஒன்று. அதிகபட்சம் விநாடிக்கு 30,000 பல்ஸ் தரும்.

அது போதுமா? ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூ என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ். நிமிடத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். வீட்டுப் பட்டறைக்கு தாராளம். இந்த 320 போன்ற எண்களைப் பழைய கம்ப்யூட்டர் சாகும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கரன்ட் விஷயம்

பலருக்கும் முதல் ஆசை பெரிய ஸ்பிண்டில்தான். 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலை வீட்டு 6 ஆம்பியர் பிளக்கில் சொருகக் கூடாது. தனி லைனும் சரியான எர்த்தும் வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் விஎஃப்டி கிளப்பும் மின் இரைச்சலில் யுஎஸ்பி தொடர்பு நடுவேலையில் அறுந்துபோகும். புது கன்ட்ரோலர் மேல் பழி விழும்! விஎஃப்டியை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் சில நிமிடம் தங்கியிருக்கும், உடனே மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் மென்பொருளுக்குத் தகவல் சொல்வதோடு நிற்கக் கூடாது. மோட்டார், ஸ்பிண்டில் இரண்டுக்கும் போகும் மின்சாரத்தையே அது வெட்ட வேண்டும். பழைய மெஷின்கள் பலவற்றில் இந்த வயரிங் இருப்பதில்லை.

மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது தூசி உறிஞ்சி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. ஷெட்டுக்கு அடுத்த அறையில்தானே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.