செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் எழுபது வயதுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது அபூர்வம். புளி தட்டுவார், ஈர்க்கு சீவுவார், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவார். பிள்ளைகள் ஓசூர், பெங்களூரு என்று பிழைக்கப் போய், இவருக்கும் உடம்பு முடியாமல் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தால் அன்றோடு அத்தனை வேலையும் நின்றுவிடுகிறது. மூன்று வேளைச் சோறு, மாத்திரை, டிவி. “அவருக்கென்ன குறை, உட்கார்ந்து சாப்பிடறார்” என்பார்கள் ஊரில். அந்தக் குறையைத்தான் முதுமை பற்றிய ஆய்வுகள் அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகின்றன.

1970-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், “உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். செடி வேண்டுமா, எந்தச் செடி என்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், பராமரிப்பதும் உங்கள் பொறுப்பு” என்றார்கள். இன்னொரு மாடியிலும் ஆளுக்கொரு செடி கிடைத்தது. ஆனால் ஊழியர் கொண்டுவந்து கொடுத்தார், நர்ஸே தண்ணீர் ஊற்றுவார் என்றும் சொல்லிவிட்டார்கள். சினிமாவும் இரண்டு மாடிக்கும் உண்டு. முதலில் சொன்ன மாடிக்காரர்கள் மட்டும் எந்த இரவு பார்ப்பது என்று தாங்களே முடிவு செய்தார்கள்.

மூன்று வாரத்தில் இந்த மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பு கூடியிருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பிரிவின் 47 பேரில் 7 பேரும், மற்றதன் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். எண்ணிக்கை சிறியது. புள்ளிவிவரக் கணக்கில் பிழை இருந்ததாகப் பின்னால் திருத்தமும் வெளியிட்டார்கள். ஆகவே செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று யாரும் போர்டு மாட்ட வேண்டாம். இரண்டு மாடியிலும் செடி இருந்தது என்பதை மட்டும் கவனித்தால் போதும். வேறுபாடு, முடிவெடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் யார் என்பதில்தான்.

1991-ல் நியூயார்க் மாநிலத்து மருத்துவர் பில் தாமஸ், தாம் பணியாற்றிய முதியோர் இல்லத்துக்குள் இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளிகளைக் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்த முதியவர்களுக்குப் பறவைகளைக் கவனிப்பது ஒரு வேலையாயிற்று. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,263 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, பொழுதுபோக்கு ஈடுபாடு உள்ளவர்களிடம் மனச்சோர்வு குறைவு, நிறைவு அதிகம் என்றது. அதுதான் காரணமா என்பதை இத்தகைய ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. அந்தப் பதினாறில் இந்தியாவும் இல்லை.

நம் பக்கத்து உதாரணம் கடலூர் அருகே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில், காய்கறித் தோட்டமும் கைவேலையும் அங்கு வாழ்பவர்களின் அன்றாடத்தில் சேர்ந்தவை. ஆதரவற்ற முதியோரையும் குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் தங்கவைக்கும் இல்லங்களுக்கும் தமிழக அரசு உதவுகிறது. தலை பின்னிவிடவும் கதை சொல்லவும் ஒரு பேத்தி கிடைத்துவிட்டால், தனியாக ‘ஆக்டிவிட்டி’ எதற்கு?

சட்டம் இந்த அளவுக்கு வரவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007-ம் ஆண்டுச் சட்டத்தின் 19-வது பிரிவு, மாவட்டத்துக்கு 150 ஏழை முதியோராவது தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்கிறது. அங்கே மருத்துவமும் பொழுதுபோக்கும் தர வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. பொழுதுபோக்கு என்றால் ஹாலில் ஒரு டிவி மாட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடலாம்.

தர்மபுரி மாவட்ட இல்லம் ஒன்றில் என்ன செய்யலாம்? வெளியூர் கிராஃப்ட் டீச்சரைத் தேட வேண்டியதில்லை. புளி சீசனில் ஓடு நீக்கிய பழத்திலிருந்து நார் உருவுவது கண் மங்கியவருக்கும் விரலாலேயே முடிகிற வேலை. கொட்டை எடுக்கும் கத்தி நடுக்கமில்லாத கையில் இருக்கட்டும். மிஞ்சிய கொட்டையில் பல்லாங்குழி. மூட்டு இறுகிய விரல்களுக்கு அதைவிடச் சுலபமான பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. தெருக்கூத்து ஆடியவருக்குக் கை கால் ஓய்ந்திருக்கலாம், ஆனால் பாட்டும் வசனமும் நினைவில் இருக்கும். சனிக்கிழமைதோறும் நாலு பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினால் அவர் மறுபடியும் ‘வாத்தியார்’. வேண்டாம், சும்மா படுத்திருக்கிறேன் என்பவரை விட்டுவிட வேண்டும். ஆர்டன் ஹவுஸில் செடியைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்ததும் அந்த உரிமைதானே.

ஓர் எச்சரிக்கை. இல்லத்தில் கட்டிய விளக்குமாறும் உருவிய புளியும் விலைக்குப் போனால் அந்தக் காசு செய்தவர் கைக்கு வர வேண்டும். ஐம்பது ரூபாயானாலும் சரி. இல்லாவிட்டால் நோக்கம், நிறைவு என்ற பெயரில் கிழவர்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்குகிறோம். பெற்றோரைச் சேர்க்க இடம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாடு, கழிப்பறை பற்றி விசாரிப்பதோடு, இங்கே யார் என்ன செய்கிறார்கள், விற்ற காசு யாரிடம் போகிறது என்றும் கேட்கலாம்.