இரவு விபத்து: உங்கள் செல்போன் படம் சொல்வதும் சொல்லாததும்

விளாத்திகுளத்திலிருந்து வேம்பார் பக்கமோ எட்டயபுரம் பக்கமோ ராத்திரி பைக்கில் போயிருக்கிறீர்களா? ஊர் விளக்குகள் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுவில் கறுப்புத் தார். மழைக்காலத்தில் டிராக்டர் சக்கரம் கரிசல் மண்ணை ரோட்டுக்கு இழுத்து வந்துவிட்டால் ஓரத்து வெள்ளைக்கோடும் தெரியாது. அங்கே பின்விளக்கு இல்லாமல் நிற்கும் விறகு லோடு டிராக்டரில் ஒருவர் மோதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "கண்ணு முன்னாடி நின்னது தெரியலையா?" என்று ஊர் கேட்கும். விசாரணை கேட்க வேண்டியது வேறு: எத்தனை மீட்டர் தூரத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்கும்?

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி, வண்டி நிற்க மொத்தம் சுமார் 80 மீட்டர். சாலை வடிவமைப்புக்கு இந்திய சாலைகள் காங்கிரஸ் வைத்திருக்கும் கணக்கு இது. ஆனால் லோ பீம் வெளிச்சத்தில் கறுப்பான ஒரு பொருள் 50 மீட்டருக்குள் வந்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படும். எதிரே ஒரு லாரி ஹை பீமில் வந்தால் அந்த 50-ம் கிடையாது. நாட்டில் நடக்கும் விபத்துகளில் ஐந்தில் ஒன்று மாலை 6-லிருந்து 9 மணிக்குள் நடப்பதற்கு இருட்டும் ஒரு காரணம்.

சரி, அந்த டிராக்டரில் விளக்கு எரிந்ததா? பழைய பல்புகள் இதற்குச் சாட்சி சொல்லும். எரியும்போது கண்ணாடி உடைந்தால் உள்ளே இருக்கும் சூடான இழை வளைந்து நீளும், மேலே பொடி படியும். அணைந்திருந்தால் இழை பளபளப்பாகவே ஒடியும். அதனால்தான் விபத்தான வண்டியின் விளக்குச் சுவிட்சை "எரியுதான்னு பார்ப்போம்" என்று யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒரு தடவை போட்டாலே அந்தச் சாட்சி கெட்டுவிடும். எல்.இ.டி. விளக்கில் இந்தச் சோதனை செல்லாது.

இப்போது உங்கள் செல்போனுக்கு வருவோம். முதல் வேலை படம் எடுப்பதல்ல. 108-க்கு அழையுங்கள், காவல்துறைக்கு 112. காயம்பட்டவருக்கு உதவுபவர் பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும்தான்.

அதன்பிறகு படம். விடிவதற்குள் வண்டிகளை ஓரம்கட்டிவிடுவார்கள், மண்ணை அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஆகவே டயர்த் தடம், கண்ணாடித் துண்டு கிடந்த இடம், அருகிலுள்ள கிலோமீட்டர் கல் எல்லாம் படத்தில் வரட்டும். இதற்கு ஃபிளாஷ் நல்லது. ஆனால் ஒன்று: நைட் மோடு படம் இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டும், ஃபிளாஷ் பட்டால் மங்கிப்போன ஸ்டிக்கரும் மின்னும். அந்தப் படத்தை வைத்து "நல்லாத்தான் தெரிஞ்சுது" என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. தெருவிளக்கு எரிந்ததா, நிலா இருந்ததா, மழை தூறியதா என்பதை வாக்குமூலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு இருக்கும் நேரமும் இடமும் போய்விடும். காயம்பட்டவர் முகத்தை குரூப்பில் போடவே வேண்டாம்.

காவல்துறை இந்த விவரங்களை 'இ-டார்' என்ற மின்னணு விபத்து அறிக்கையில் ஏற்றுகிறது. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மோதிய வண்டி இருட்டில் ஓடிப்போய், கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றாலும் குடும்பத்துக்கு வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனை அல்லது காய அறிக்கை, அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.